பனி கொட்டிய அன்று எண்ணிய பத்து

வூஸ்டர், மூணாவது மாடி
1979 ஜூன் 20, புதன்

ஹிந்தா,

ஏமாத்தினேன்னு மட்டும் சொல்லாத. ஏமாத்துறவனுக்கு அதுல ஏதாச்சும் கிடைக்கணும். எனக்கு என்ன கிடைச்சுது? தொழுகைக்கு அப்புறம் எலேன் அவிச்ச பயறு ஒரு தட்டு. அதுலயும் உப்பு இல்ல.

சனிக்கிழமை மார்வின் வீட்டு வாசல்ல நீ சொல்லிட்டுப் போனியே அந்த ஒத்தை வார்த்தை, அதுக்குத்தான் இந்தப் பதில். சொல்லிட்டு எதிர்ப்பக்க நடைபாதைக்குத் தாவிட்ட. ரெண்டு பேரும் போக வேண்டியது ஒரே வீடு, ஏறுறது ஒரே படிக்கட்டு. அஞ்சு தெருவும் நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுமாடி ரூர்க்கம்மா ஜன்னல்ல நின்னு, "என்ன பெருசு, மச்சினி கோவிச்சுக்கிச்சா?"ன்னு கேக்குது. "இல்லம்மா, அந்தப் பக்கம் நிழல் ஜாஸ்தி"ன்னேன்.

நாலு நாளாச்சு. காலைல ஏழு மணிக்குக் கரண்டியால குழாயில ரெண்டு தட்டு தட்டுவ, டீ ரெடின்னு. இப்ப தட்டுறதில்ல. நேத்து நான் மேலருந்து தட்டினேன். ரூர்க்கம்மாதான் டீயோட ஏறி வந்துச்சு. அதுல பால் ஜாஸ்தி.

நடந்தது என்ன? நம்ம கூட்டத்தோட தொழுகை முடிஞ்சுது. ஒரு மடக்கு விஸ்கி உள்ள போச்சு, ஒரு துண்டு உப்பு மீன் உள்ள போச்சு, வாய் வெளிய வந்துருச்சு. "பிப்ரவரில ஒரு சனிக்கிழமை பனி கொட்டி, எலேன் வீட்டுக் கொதிகலனும் செத்துப்போச்சே, அன்னைக்கு நாம ஒன்பது பேருதான். நான் பத்துன்னு சொன்னேன். மேல இருக்கறவரு குனிஞ்சு எண்ணவா போறாரு?"ன்னேன். சிரிப்பாங்கன்னு நெனச்சேன். ஜோயல் கிதாரைக் கீழ வச்சான். அவன் அதைக் கீழ வச்சு நான் பார்த்ததே இல்ல.

உடனே வட்டமா உட்கார்ந்துட்டாங்க. அவங்களுக்கு எதுக்கெடுத்தாலும் வட்டம். ஓய்வுநாள்ல நூடுல் அடையைச் சூடு பண்ணலாமா கூடாதான்னு ஒன்றரை மணி நேரம் வட்டம் போட்டவங்கதானே. மார்வின் தாடியைத் தடவிட்டு, "ஃபைவிஷ், இப்ப உங்க உள்ளுக்குள்ள என்ன ஓடுது?"ங்கறான். "உப்பு மீன்"ன்னேன். அதுக்கும் யாரும் சிரிக்கல. தொப்பியை எடுத்துட்டு வந்துட்டேன்.

பத்துப் பேரு சேராம தொழுகை நிறையாது, சரி, ஆனா அதை எண்ணுற வேலையை நானா கேட்டு வாங்கினேன்? ஆளை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினா கண்ணு பட்டுடும்னு, பத்துச் சொல்லு இருக்கிற வேதவரியை ஆளுக்கு ஒரு சொல்லா வச்சு எண்ணுறது நம்ம யூத ஜனங்க வழக்கம். படிச்ச பசங்க, அத்தனை பேரு. ஒருத்தனுக்கும் அந்த வரி தடங்காம வரல. ரெண்டு குளிர்காலம் மட்டும் பள்ளிக்கூடம் போன முட்டைக்காரனுக்குத்தான் வந்துச்சு. குடுத்தாங்க, செஞ்சேன்.

இந்தக் கடிதத்துக்குத் தபால் தலை ஒட்டியிருக்கேன். கதவுக்கடியில தள்ளினா நீ மிதிச்சுட்டுப் போயிடுவ. தபால்காரன் கையில குடுத்தா வாங்கித்தானே ஆகணும்?

உன் அத்தான்
ஃபைவிஷ்


முதல் தளம்
1979 ஜூன் 24, ஞாயிறு

அத்தான்,

உங்கள் கடிதம் வந்தது. ஒரே வீட்டுக்குள் தபாலா என்று தபால்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவருக்காவது உங்களால் ஒரு சந்தோஷம்.

மூன்று முறை தட்டச்சு செய்து கிழித்துவிட்டேன். முப்பது வருடம் பள்ளி அலுவலகத்தில் அடுத்தவர் கடிதங்களைத் தவறில்லாமல் அடித்தவள் நான். என் கடிதம் என்று வந்தால் விரல் தடுமாறுகிறது.

நீங்கள் எதை வைத்து விளையாடினீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? சென்ற செப்டம்பரில், நம் புத்தாண்டுக்கு நான்கு நாள் முன்னால் அம்மா போனாள். ஏழு நாள் துக்கம் இருக்க வேண்டும். பண்டிகை குறுக்கே வந்ததால் நான்காம் நாளே துக்கத்துக்குப் போட்ட தாழ்ந்த நாற்காலியை எடுத்து வைத்து, எழுந்திரு, விளக்கேற்று என்றார்கள். அழுது முடிக்கக்கூட அவகாசம் தரவில்லை. எனக்கு மிஞ்சியது கதீஷ் மட்டும்தான். பெற்றவர்களுக்காகப் பதினோரு மாதம், பத்துப் பேர் கூடினால் மட்டுமே எழுந்து நின்று சொல்லக்கூடிய அந்தச் சில வரிகள்.

பழைய ஜெப ஆலயத்தில் போய்க் கேட்டேன். ஆண்பிள்ளை இல்லையா, அப்படியானால் மருமகன் சொல்லட்டும், இல்லை ஓர் ஆளை அமர்த்தலாம், நீங்கள் பெண்கள் மாடத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்லுங்கள் என்றார்கள். பக்கத்தில் நின்று நீங்கள் தலையாட்டினீர்கள். நினைவிருக்கிறதா?

அதனால்தான் இந்தத் தோழமைக் கூட்டத்துக்குப் போனேன். ரபி என்று ஒரு குரு இல்லை, கட்டடம் இல்லை, வாரம் ஒரு வீட்டில் தரையில் மெத்தை போட்டு உட்கார்கிறார்கள் என்று நீங்கள் கேலி செய்தீர்கள். பிறகு சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று என் பின்னாலேயே வந்தீர்கள். அங்கே பெண்ணையும் பத்தில் ஒருத்தியாக வைத்துக்கொள்கிறார்கள். அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக ஓர் அறையில் நான் எழுந்து நின்றேன். மற்ற ஒன்பது பேர் வாயை மூடிக்கொண்டு என் குரலுக்குக் காத்திருந்தார்கள்.

ஒன்பது பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு கேள்வி. கிண்டல் இல்லாமல் பதில் சொல்லுங்கள். இதை எத்தனை தடவை செய்தீர்கள்?

ஹிந்தா


மூணாவது மாடி
ஜூன் 27, புதன்

ஹிந்தா,

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. நாப்பது வருஷம் விளக்கு வெளிச்சத்துல முட்டையைத் தூக்கிப் பிடிச்சு நல்லதையும் கெட்டதையும் பிரிச்சவன் நான். ரத்தப்பொட்டு இருக்கிற முட்டையை ஒருத்தி கூடையிலயும் போட்டதில்ல. மத்த சனிக்கிழமை எல்லாம் பத்தோ, பதினொண்ணோ, பதிமூணோ, இருந்தது இருந்தபடிதான்.

இப்ப நீ ஆத்திரப்படாம ஒரு விஷயம் கேளு. உங்க கணக்குப்படி அன்னைக்கு ஒன்பது பேரு. என் கணக்குப்படி? எங்கப்பன் எனக்குச் சொல்லிக்குடுத்தபடி ஆம்பளைதான் கணக்கு. அன்னைக்கு ஆம்பளைங்க ஆறு பேரு. அதுக்கு முந்தின வாரம் உங்க கணக்குல பத்து, என் கணக்குல ஏழு. எனக்கு என்னைக்குமே பத்து இருந்ததில்ல. ஆறுன்னா என்ன, ஏழுன்னா என்ன, ஒன்பதுன்னா என்ன? பட்டணத்துக்குப் போற பஸ்ஸை ஒரு நிமிஷத்துல விட்டாலும் விட்டதுதான், ஒரு மணி நேரத்துல விட்டாலும் விட்டதுதான். அதான் பத்துன்னு சொல்ல என் நாக்கு கூசல.

உங்கம்மாவும் இதைக் கேட்டா என் பக்கம்தான் பேசியிருப்பா. பேசியிருக்க மாட்டா. முப்பத்தொரு வருஷம் அவ என்னோட பேசினதே கம்மி. "மால்கா, அந்த முட்டைக்காரன் சாப்பிட்டானா?"ன்னு என் எதுக்கவே என் பெண்டாட்டிகிட்ட கேப்பா. மால்கா போய் ஆறு வருஷம் ஆச்சு. அப்புறமும் கேக்க ஆளில்லாம, சுவத்தைப் பார்த்துக் கேட்டா, "அந்த முட்டைக்காரன் சாப்பிட்டானா?"ன்னு.

ஞாயித்துக்கிழமைலருந்து நீ அறைக்கும் அடுப்படிக்கும் நடக்குறது ரெண்டு மாடி தாண்டிக் கேக்குது. கால் வலிக்கும். உட்காரு.

ஃபைவிஷ்


முதல் தளம்
ஜூலை 1

அத்தான்,

ஒரு தடவைதான் என்பதை நம்புகிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்தை மீண்டும் படித்துப் பாருங்கள். அக்டோபரிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வரியை முணுமுணுத்து, என் மேல் ஒரு சொல்லை வைத்து, "பத்து ஆச்சு, ஹிந்தா, எந்திரி" என்று சொன்னவர் நீங்கள். நானும் எழுந்தேன். அத்தனை வாரமும் உங்கள் கணக்கில் நான் இல்லை.

மாடத்தில் உட்காரச் சொன்னவர்களாவது முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

உங்கள் பெரிய பாத்திரத்தைப் படியில் வைத்திருக்கிறேன். இனி எழுத வேண்டாம்.

ஹிந்தா


மூணாவது மாடி
ஜூலை 10, செவ்வாய்

ஹிந்தா,

எழுத வேண்டாம்னு எழுதியிருந்த. சரின்னு பதில் போடணும்ல, அதுக்குத்தான் எழுதுறேன்.

பாத்திரத்தை எடுத்துட்டேன். அடியில நீ தேய்ச்சு வச்சிருக்கிற பளபளப்பைப் பார்த்தா கோவம் எவ்வளவுன்னு தெரியுது.

ரெண்டு வாரமா பழைய ஜெப ஆலயத்துக்குப் போறேன். முதல் நாள் உள்ள நுழைஞ்சதும் வாசல்காரன் செமுல், "ஃபைவிஷா! நீ இன்னும் உயிரோடவா இருக்க?"ன்னான். "வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்றேன்"ன்னேன். அதோட சரி. அங்க பேசுறதுக்கு வேற ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு ஆள் இருக்கு. நான் பதினாலாவது ஆளு. ஹிந்தா, பதினாலாவது ஆளா உட்கார்ந்து பார்த்திருக்கியா? நான் இருமினாலும் யாரும் திரும்பல. தப்பா ராகம் போட்டேன், வேணும்னே. அதுக்கும் திரும்பல. வேத வியாக்கியானம்னு ஒருத்தர் ஆரம்பிச்சாரு, ஒருத்தனும் "அது எப்படிய்யா?"ன்னு எதுத்துக் கேக்கல. எனக்கு உடம்பெல்லாம் அரிக்குது. உங்க கூட்டத்துல இந்நேரம் நர்ஸு ரொஷெல் முழங்காலைத் தட்டிக்கிட்டு, "ஆபிரகாம் செஞ்சது அநியாயம்!"னு கத்தியிருப்பா, பஸ் ஓட்டுற சீமூர், "ஏம்மா, அவரு சீட்டுல உட்கார்ந்து நீ ஓட்டியிருந்தா தெரியும்"ன்னிருப்பான்.

இன்னொண்ணு சொல்லணும். சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல. துக்கக்காரங்க எந்திரிங்கன்னு சொன்னப்ப, சரி, மருமகன்னு ஒருத்தன் இருக்கேனே, மாமியாருக்காக நானே சொல்லி ஹிந்தா மனசை ஆத்திடலாம்னு நெனச்சேன். கால் எந்திரிச்சுது. வாய் எந்திரிக்கல. அவ சுவத்தைப் பார்த்துக் கேக்குற மாதிரி இருந்துச்சு, "அந்த முட்டைக்காரனா எனக்குச் சொல்றான்? என் பொண்ணு எங்க?"ன்னு. உட்கார்ந்துட்டேன். பக்கத்துக் கிழவன், "முழங்காலா?"ன்னான். "ஆமாய்யா, முழங்கால்தான்"ன்னேன்.

நீ இதைக் கிழிச்சாலும் பரவால்ல. படிச்சுட்டுக் கிழி.

ஃபைவிஷ்


முதல் தளம்
ஜூலை 22, ஞாயிறு

அத்தான்,

கிழிக்கவில்லை. பன்னிரண்டு நாளாக மேசை மேல் கிடக்கிறது. இதற்குப் பதில் எழுதாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. துணி மடிக்க ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிடுகிறேன். அடுப்பை மூட்டிவிட்டு எதற்கு மூட்டினேன் என்று நிற்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பனி கொட்டிய அன்று ஒன்பது பேர்தான் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் எண்ணும்போது நானும் மனதுக்குள் எண்ணினேன். வாரா வாரம் எண்ணுவேன். பத்து சேருமா சேராதா என்று என்னைவிட யாருக்கு அக்கறை? எனக்கு ஒரு சொல் மிஞ்சியது. நீங்கள் வரியின் கடைசியில் கொஞ்சம் தாமதித்தீர்கள். பிறகு, "பத்து ஆச்சு, ஹிந்தா, எந்திரி" என்றீர்கள். இல்லை அத்தான், ஒருவர் குறைகிறார் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. நான் எழுந்து நின்றேன். முழுவதும் சொன்னேன். அன்றைக்குச் சொன்ன மாதிரி நான் வேறு எந்த வாரமும் சொன்னதில்லை.

மார்வின் வீட்டு வாசலில் உங்களை ஏமாற்றுக்காரர் என்றேன். எதிர்ப்பக்கம் நடந்து வந்தபோது அந்த வார்த்தை என்னோடுதான் வந்தது.

கூட்டத்தில் உங்களைப் பற்றி இரண்டு வட்டம் போட்டார்கள், மொத்தம் மூன்று மணி நேரம். தவறு செய்தவர் என்பதா, தவறிப்போனவர் என்பதா என்பதற்கே முக்கால் மணி. இனி ஒருவர் தனியாக எண்ணக் கூடாது, இருவர் சேர்ந்து எண்ண வேண்டும் என்று முடிவாயிற்று. கதீஷை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமோ என்று மார்வின் கேட்டான். வயிற்றில் ஏழு மாதக் குழந்தையோடு எலேன் அவனைப் பார்த்த பார்வையில் அப்படியே அடங்கிவிட்டான். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. உங்களைத் திட்ட விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தேன்.

இதை முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன். இனி அவர்களுக்குச் சொல்ல வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஹிந்தா

பதினாலாவது ஆளாக நீங்கள் உட்கார்ந்ததைப் படித்தபோது சிரித்துவிட்டேன். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. நீங்கள் என்னைக் கணக்கில் வைக்காதது வேறு விஷயம். அது அப்படியேதான் இருக்கிறது.


மூணாவது மாடி
ஜூலை 25, புதன்

அடி கள்ளி!

ஒரு மாசமா நான் மட்டும் திருடன்னு முக்காடு போட்டுட்டு அலையறேன், கூட்டுக்களவாணி கீழ்த்தளத்துல டைப் அடிச்சுட்டு இருக்கா. ரூர்க்கம்மா என்ன விசேஷம்னு கேட்டுச்சு, நான் படிக்கட்டுல நின்னு தனியா சிரிச்சுட்டு இருந்தேனாம்.

ஆனா ஒண்ணு, அவங்ககிட்ட சொல்லாத. எதுக்கு? ஏற்கெனவே ஒருத்தன் மாட்டியிருக்கான், அவனே போதும். எனக்கு எழுபத்தஞ்சு வயசு, ஏமாத்துக்காரன்னு பேரு வாங்கினா எந்தச் சம்பந்தம் நின்னுடப் போகுது? உனக்கு அந்தப் பசங்க வேணும். நீ எந்திரிச்சு நிக்கிறப்ப அவங்க உன்னைப் பார்க்குற பார்வை வேணும். வாயை மூடிட்டு இரு. இது அக்கா புருஷன் சொல்றது, ஒரு தடவையாச்சும் கேளு.

கணக்குல வைக்கலைன்னு சொல்றியே, அது பத்தி ரெண்டு மூணு தடவ எழுத உட்கார்ந்தேன். பேனா மூடி தொலைஞ்சுபோச்சு. அப்புறம் எழுதுறேன்.

ஃபைவிஷ்


முதல் தளம்
ஆகஸ்ட் 12, ஞாயிறு

அத்தான்,

நேற்று சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னதை இந்தத் தடவையும் கேட்கவில்லை.

சீமூர் வீட்டில் கூடினோம். சாப்பிட்டு முடித்ததும், வட்டம் போடுங்கள் என்று நானே சொன்னேன். அம்மாவின் கதீஷை ஒன்பது பேர் நடுவில் சொன்னேன், ஒன்பது என்று தெரிந்தே சொன்னேன், அத்தான் மட்டும் குற்றவாளி இல்லை என்றேன். என் கை மேசை விரிப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

கடைசியில் சீமூர் தொண்டையைக் கனைத்தான். "நாள் பூரா பஸ்ல ஏறுற தலையை எண்ணுறவன்க்கா நான். உள்ள வந்து உட்கார்றதுக்குள்ள ஒன்பதுன்னு எனக்குத் தெரியும். பெரியவர் பத்துன்னாரு. சரி, பத்துன்னு இருந்துட்டேன்" என்றான். ரொஷெல் உடனே, "நீயுமா?" என்றாள். ஜோயல் கிதாரைத் தடவிக்கொண்டு, "நான் ரெண்டு தடவை எண்ணினேன்" என்று முனகினான். எலேன் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரியுமாம். அவள் வீடு, அவள் நாற்காலிகள், தெரியாமல் இருக்குமா?

தெரியாதவன் மார்வின் ஒருவன்தான். அவன் கண்ணை மூடிக்கொண்டு தொழுகிறவன். "எல்லாருக்கும் தெரிஞ்சுதான் என்னை மட்டும் இவ்வளவு நேரம் பேச விட்டீங்களா?" என்று கேட்டான் பாவம். "நீ பேசுனா நிறுத்துற ஆளாடா?" என்றான் சீமூர்.

இது தகவல், அழைப்பு இல்லை. வரும் சனிக்கிழமை, பதினெட்டாம் தேதி, பதினோரு மாதம் நிறைகிறது. கடைசிக் கதீஷ். கூட்டம் என் வீட்டில். மாணவர்கள் இருவரும் விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டார்கள். ஜோயலும் அவன் மனைவியும் வெர்மான்ட்டில் ஏதோ முகாமுக்குப் போகிறார்கள். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். ரொஷெல் தன் தங்கையை அழைத்து வருகிறாள். என்னையும் சேர்த்து ஒன்பது வருகிறது.

இந்தத் தடவை ஒன்பது என்றால் ஒன்பதுதான். நான் எழுந்திருக்க மாட்டேன். அம்மாவுக்குக் கடைசி நாளில் மௌனமாக உட்கார்ந்திருப்பேன்.

வாருங்கள் என்று உங்களைக் கேட்க மாட்டேன். உங்கள் கணக்கில் அங்கே இருக்கப் போவது நான்கு ஆண்கள். நீங்கள் வந்தால் ஐந்து. ஐந்துக்காக ஒருவர் இரண்டு மாடி இறங்கி வருவானேன்?

கேட்பது வேறொன்று. பனி கொட்டிய அன்று எந்தச் சொல்லை யார் மேல் வைத்தீர்கள்? ஒவ்வொன்றாக எழுதுங்கள். மிஞ்சிய சொல்லை எங்கே வைத்தீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். மழுப்ப வேண்டாம்.

ஹிந்தா


மூணாவது மாடி
ஆகஸ்ட் 17, வெள்ளி

ஹிந்தா,

இதைத் தபால்ல போட நேரமில்ல. சாயங்காலம் ஓய்வுநாள் விளக்கேத்துறதுக்குள்ள கதவுக்கடியில தள்ளிடுறேன். மிதிச்சா மிதி.

நாலு நாளா இதை எழுத உட்கார்றேன், எந்திரிக்கிறேன். ஜன்னலுக்குப் போறேன், வர்றேன். ரூர்க்கம்மா துடைப்பக் கட்டையால கூரையைத் தட்டுது, "பெருசு, ஒண்ணு நட, இல்ல படு"ன்னு. காலைலருந்து உன் வீட்டுல நாற்காலி இழுக்குற சத்தம் வேற. எத்தனை போட்டிருக்கேன்னு காதால எண்ண முடியுது. எண்ண மாட்டேன்.

முழங்கால் வலிக்குது. இறங்குறது ஏறுறதைவிடக் கஷ்டம்னு டாக்டரே சொல்லியிருக்காரு. அந்தத் தரை மெத்தையில உட்கார்ந்தா என்னைத் தூக்க இன்னொரு பத்துப் பேரு வேணும். அப்புறம் அந்தப் பயறு. இதெல்லாம் இருக்கட்டும். நீ கேட்டதுக்கு வர்றேன்.

எலேன் வீடு. கொதிகலன் செத்துக் கிடக்கு. எல்லாரும் கோட்டைக் கழட்டாம உட்கார்ந்திருக்காங்க, பேசினா வாயில புகை. நான் கதவுப் பக்கத்துலருந்து ஆரம்பிச்சேன். முதல் சொல்லு மார்வின். ரெண்டாவது எலேன். மூணு ஜோயல். நாலும் அஞ்சும் அந்த ரெண்டு காலேஜ் பசங்க, பேரு இன்னும் எனக்கு வாயில நுழையல. ஆறு சீமூர். ஏழு ரொஷெல், போர்வை போத்திட்டு. எட்டாவது சொல்லு எனக்கு நானே வச்சுக்கிட்டேன். ஒன்பதாவது சொல்லு உனக்கு.

எங்கப்பன் சொல்லிக்குடுத்ததை உனக்கு எழுதினேன், ஆறு ஆம்பளைன்னு. பொய்யில்ல, அப்படித்தான் சொல்லிக்குடுத்தாரு. ஆனா எண்ணுறப்ப அப்பன் எங்க ஞாபகம் வந்தாரு? கண்ணு ஒவ்வொரு முகமா போச்சு, நாக்கு பின்னாலயே போச்சு. எலேன் மேல ஒரு சொல்லு வச்சேன், ரொஷெல் மேல வச்சேன், உன் மேல வச்சேன். எந்த வாரமும் உன்னைத் தாண்டிப் போகல. ஜூன்ல உனக்கு எழுதினப்ப மாட்டிக்கிட்ட திருடன் மாதிரி ஒரு நியாயம் தேடினேன், அப்பனை இழுத்துவிட்டேன். அவ்வளவுதான்.

இப்ப அந்தப் பத்தாவது. என் நாக்குல ஒரு சொல்லு நின்னுக்கிட்டு இருக்கு, வைக்க ஆளில்ல. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். அன்னைக்கு நீ உங்கம்மாவோட கோட்டைப் போட்டிருந்த. அந்தக் கறுப்புக் கோட்டு, கழுத்துல ஆட்டுமுடிப் பட்டை வச்சது. காலரைத் தூக்கி விட்டுட்டு, மூக்கு மட்டும் வெளிய தெரிய உட்கார்ந்திருந்த. உள்ள நீ இருந்த. வெளிய அவ இருந்தா. முப்பத்தொரு வருஷம் நான் உள்ள வர்றப்பெல்லாம் அவ அப்படித்தான் காலரைத் தூக்கிட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவா. அந்தக் கோட்டு என்னைப் பார்த்து, "முட்டைக்காரா, என் பொண்ணை நிக்க வைப்பியா மாட்டியா?"ன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. பத்தாவது சொல்லை அது மேல வச்சேன்.

ஒன்பதாவது நீ, பத்தாவது அவ. கணக்குல வைக்கலைன்னு ஒன்றரை மாசமா பொருமுறியே, ஒரே நாற்காலியில ரெண்டு பேரை வச்சவன்டி நான். செத்தவளையே அவ கதீஷுக்கு ஆள் சேர்த்தவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். மாமியார் என்னை அவ அடுப்படிக்குள்ள ஒரு நாள் விட்டதில்ல, நான் அவளைப் பத்துக்குள்ள

வந்துட்டியா? கதவைத் தட்டாம வர்ற பழக்கம் உங்க குடும்பத்துக்கே உண்டு. சரி, நில்லு. பேச மாட்டேன், எழுதிட்டுத்தான் இருக்கேன். தோளுக்குப் பின்னால நின்னு படி. கையில மாவு இருக்கு, காகிதத்தைத் தொடாத. பின்னல் ரொட்டியா? அடுப்புல இருக்கா, இல்ல அதையும் பாதியில விட்டுட்டு வந்தியா?

மேலருந்து படிக்கிற போலிருக்கு. கோட்டு வரைக்கும் வந்துட்டியா? மூச்சு விடுற சத்தம் மாறுது. அழாத, மசி கலைஞ்சுடும்.

சிரிக்கிறியா? எதுக்குடி சிரிக்கிற?

"அந்தக் கோட்டை அம்மா தையக்காரர்கிட்ட திருப்பித் தைக்கக் குடுத்தப்ப, என்ன சொல்லிக் குடுத்தா தெரியுமா? முட்டைக்காரன் மகாராசன் குளிருல அலையறான், இதை அறுத்து அவனுக்கு ஒரு மேல்சட்டை ஆகுமா பாருன்னு குடுத்தா. ஆகாதுன்னுட்டாரு. துணி பத்தலை"ங்கற. இப்பப் போய்ச் சொல்ற. இருபது வருஷம் கழிச்சு.

எழுதுறேன், எழுதுறேன். ஒரே சொல்லை ரெண்டு தடவ எழுதிட்டேன், அது வயசு.

"நாளைக்கு ஒன்பதரை மணி. உங்களுக்கு நாற்காலி போட்டாச்சு"ங்கற. யாரு வர்றேன்னு சொன்னது? நான் ஒண்ணும் வர்றேன்னு எழுதல. தேடிப் பாரு, இந்தக் காகிதத்துல எங்கயாச்சும் இருக்கா? ஏய், திரும்பாத, நான் இன்னும் என் நிபந்தனையே சொல்லல. மார்வின் என் உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னு கேக்கக் கூடாது. பயறுல உப்பு போடணும். ரெண்டு பேரு சேர்ந்து எண்ணுறதெல்லாம் வேற எவனையாச்சும் வச்சு எண்ணச் சொல்லு, நான் வந்தா நான்தான் எண்ணுவேன்.

படியிறங்குறா. ரூர்க்கம்மா ஏதோ கேக்குது, இவ பதில் சொல்லாம சிரிச்சுட்டே போறா. ஹிந்தா! எழுதி முடிச்சுக் குடுக்குறேன், நில்லு. நாளைக்கு வரியைக் கதவுப் பக்கத்துலருந்து ஆரம்பிக்க மாட்டேன். முதல் சொல்லு உன் மேலதான் வைப்பேன், ஆனா ஒரே ஒரு தடவைதான், உங்கம்மா கோட்டைப் போட்டுட்டு வந்து நின்னாலும் இந்தத் தடவ நான் ரெண்டு பேரா எண்ண மாட்டேன்.